தொட்டது பதினாலு, விழுந்தது முப்பத்தொம்பது

இந்தத் துண்டு உங்களுதா அண்ணாச்சி? உக்காருங்க, உக்காருங்க. ஜன்னல் வழியா நீங்க துண்டு போட்டதை நான் பாத்தேன். வேற ஒருத்தர் வந்து எடுத்துக் கீழ போடப் பாத்தாரு. ஆளு வருதாரு, சீட்டு அவருக்குள்ளதுன்னு சொல்லி நான்தான் பிடிச்சு வச்சேன். திசையன்விளைக்கா? நல்லதாப் போச்சு. நான் இட்டமொழியில இறங்கிருவேன். அதுவரைக்கும் பேச்சுக்கு ஆளாச்சு. பேசலேன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும் அண்ணாச்சி. நாலு நாளா தூக்கம் இல்ல.

இந்தத் துண்டு இருக்குல்லா, இது எவ்வளவு பெரிய ஏற்பாடு தெரியுமா? நீங்க எந்த சீட்டுல போட்டியளோ அந்த சீட்டுலதான் கிடக்கு. பக்கத்து சீட்டுக்குத் தாவல. கடைசி வரிசைக்கு ஓடிப் போகல. சிரிக்காதீய. நான் பி.இ. படிச்சு, ஏழு வருசம் வேலை பாத்து, இந்தத் துண்டு செய்யுத வேலையைச் செய்ய முடியாமத்தான் இன்னைக்கு இந்த பஸ்ஸுல உக்காந்திருக்கேன்.

கம்ப்யூட்டர் வேலைதான். பாளையங்கோட்டையில ஒரு சின்ன கம்பெனி. மாடியில மூணு ரூம்பு, கீழ மாவு மில்லு. என் பேரு நம்பிராஜன். இந்தாங்க, மொதல்ல இதைப் பிடிங்க, கல்யாணப் பத்திரிகை. தை இருவதாம் தேதி. மார்கழியில பத்திரிகை வைக்கப்படாதுன்னு அம்மா சொல்லத்தான் செஞ்சா. தை பொறந்த பொறவு வச்சா ஊருபூரா எப்பம் குடுத்து முடிக்க? பேருக்குக் கீழ பாத்தியளா? ‘மென்பொருள் பொறியாளர், பாளையங்கோட்டை’. அதை அச்சடிச்சே தீரணும்னு மாமனார் ஒத்தைக் காலுல நின்னாரு. எண்ணூறு பத்திரிகை அண்ணாச்சி. ஐநூறு போயி சேந்துட்டு. இப்ப வேலை போச்சுன்னா அந்த ஐநூறு வீட்டுலயும் போயி நான் அந்த வரியை அடிச்சுட்டு வர முடியுமா? சொல்லுங்க. செண்பகா, அதான் நான் கட்டிக்கப் போறவ, அவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. தினமும் போன்ல என்ன கலர் சேலைன்னு கேக்கா. எந்தக் கலரும் நல்லாத்தான் இருக்கும்னு சொல்லி வச்சிருதேன்.

சரி, ஆதியிலேருந்து சொல்லுதேன்.

ஒரு டிராவல்ஸ்காரருக்கு டிக்கெட் போடுத வெப்சைட் செஞ்சு குடுத்தோம். திருநெல்வேலி மெட்ராஸ் ஓடுத ஆம்னி பஸ்ஸு. நீங்க போன்ல பாத்திருப்பீய, பஸ்ஸோட படம் வரும், கட்டம் கட்டமா சீட்டு இருக்கும், தொட்டா அது நமக்கு. ஒரு பொம்பள எடுத்த சீட்டுக்குப் பக்கத்து சீட்டு ரோஸ் கலர் ஆயிரும். அதை ஆம்பளை எடுக்க முடியாது. ஆமா, அதேதான். அந்தப் படத்தை வரைஞ்சது நான்.

நாப்பது சீட்டு. நாப்பதையும் தனித்தனியா வரையறது முட்டாள் வேலை. எஸ்விஜின்னு ஒண்ணு இருக்கு, படம் போடுத முறை. அதுல ஒரே ஒரு சீட்டை, ஒண்ணாம் நம்பரை, வரைஞ்சு வச்சுக்கிட்டு, இங்க அதே, அங்க அதேன்னு சொல்லிட்டாப் போதும், நாப்பது நகல் வந்து நிக்கும். ஒரே அச்சு, நாப்பது முறுக்கு. நான் ஒரு மத்தியானத்துல முடிச்சிட்டேன். எங்க முதலாளி கிளமெண்ட் சார் முதுகுல தட்டுனாவ. எனக்கு அப்படியே குளுந்து போச்சு.

அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நகலைத் தொட்டா, ‘என்னையத் தொட்டாவ’ன்னு யாரு குரல் குடுக்கணும்? நகல்தானே? சில மெஷின்ல அப்படித்தான் குடுக்கும். சில பழைய மெஷின்ல என்ன செய்யும்னா, நீங்க எந்த நகலைத் தொட்டாலும் மூல அச்சு வந்து ‘நான்தான்’னு முன்னால நிக்கும். நாப்பது வீட்டுக் காலிங் பெல்லும் ஒத்தை வீட்டுக்குள்ள போயி அடிச்சா எப்படி இருக்கும்? அப்படி. ரோஸ் கலரும் அதே கதைதான். மொதல் நாளு ஒரு பொம்பள டிக்கெட் எடுத்ததும் பஸ்ஸு முழுக்க ரோஸ் ஆயிட்டு, டிரைவர் சீட்டு உள்பட. கலரை நகலுக்கு அடிக்காம மூலத்துல அடிச்சிட்டேன். அதை அன்னைக்கே சரி பண்ணிட்டேன். அதெல்லாம் எனக்கு ஜுஜுபி.

தொடுத விஷயம்தான். அங்கதான் இருதயமேரி வாரா.

டிராவல்ஸ் ஆபீஸ்ல கவுண்டர்ல இருந்த பிள்ளை. இருவத்திமூணு, இருவத்திநாலு வயசு இருக்கும். நேர்ல வாரவங்களுக்கும், போன்ல கேக்கவங்களுக்கும் டிக்கெட் போட்டுக் குடுக்கும். அதுக்கு ஒரு பழைய டேப்லட் குடுத்திருந்தாவ, கண்ணாடி ஒரு மூலையில கீறிக் கிடக்கும். மொத வாரமே போன் பண்ணுச்சு. “சார், பதினேழைத் தொட்டா ஒண்ணாம் நம்பரை எடுக்கு சார்.” நான் என் மெஷின்ல தொட்டுப் பாத்தேன். பதினேழு பதினேழாவே வருது. “உங்க கை ஈரமா இருக்கும், துடைச்சிட்டுத் தொடுங்க”ன்னேன்.

மறுநாளும் போன். “சார், கையத் துடைச்சிட்டேன் சார். இப்பவும் ஒண்ணுதான்.”

சிரிக்கீயளா? இல்லியா? எனக்கு அன்னைக்கு ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாவ. தினமும் பத்து மணிக்கு அந்தப் பிள்ளை போன் வரும். ‘எலே நம்பி, ஒன் ஆளு கூப்பிடுதா’ம்பாவ. எரிச்சலாயிட்டு அண்ணாச்சி. நேர்ல போயி அந்த டேப்லட்டைப் பாத்திருக்கலாம். நம்ம திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைதான், பைக்ல பத்து நிமிசம். பத்து நிமிசம் இல்லியா எனக்கு? கல்யாணப் பேச்சு நடந்துக்கிட்டிருந்த சமயம். நீங்களே சொல்லுங்க.

சரின்னு ஒரு ஒட்டுப் போட்டேன். கிழிஞ்ச டியூப்புக்குப் போடுவோம்லா, அது மாதிரி. மூலம் வந்து ‘நான்தான்’னு சொன்னா நம்பாத, கடைசியா எந்த சீட்டு நினைவுல இருக்கோ அதை எடுத்துக்கோன்னு எழுதி வச்சேன். என் மெஷின்ல ஜம்முன்னு ஓடிச்சு. ‘மேரி, சரியாயிட்டு பாருங்க’ன்னேன். அது தொட்டுப் பாத்துட்டு, “சார், இப்ப ஒண்ணு வரல சார். ஆனா வேற என்னமோ வருது”ன்னுச்சு. “வேற என்னமோன்னா? நம்பரைப் பாத்துத் தொடுங்கம்மா, அவசரப்படாதீங்க”ன்னு சொல்லி வச்சிட்டேன்.

அதுக்குப் பொறவு அது போன் பண்ணவே இல்ல. நான் சரியாயிட்டுன்னு நினைச்சேன். போன் வரலேன்னா வேற என்ன நினைக்க?

மூலைக்கரைப்பட்டி வந்துட்டா? இல்ல, இது வேற. நேரம் இருக்கு.

தீபாவளி வந்துட்டு அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியும், தீபாவளிக்கு முந்தின நாளு மெட்ராஸ்லேருந்து வார பஸ்ஸு எப்படி இருக்கும்னு. ஒரு பிள்ளை, அங்க ஹாஸ்டல்ல இருந்து வேலை பாக்குது, வயித்துல ஆபரேசன் பண்ணி பன்னெண்டு நாளு. கவுண்டருக்குப் போன் பண்ணி, “அக்கா, தையல் இன்னும் ஆறல, குலுங்காத சீட்டா, பக்கத்துல லேடீஸ் இருக்க மாதிரி போடுங்க”ன்னு கேட்டிருக்கு. மேரி தேடிப் பாத்து, பதினாலாம் நம்பர், நடு பஸ்ஸு, பக்கத்துல ஒரு பெரியம்மா, அதைத் தொட்டிருக்கா. அதுக்கு முன்னால வேற யாருக்கோ முப்பத்தொம்பது இருக்கான்னு தொட்டுப் பாத்திருக்கா. விழுந்தது முப்பத்தொம்பது. கடைசி வரிசை, நடு சீட்டு, நாலு ஆம்பளைகளுக்கு நடுவுல.

மேரி போன்ல பதினாலுன்னு சொல்லியாச்சு. மெசேஜ்ல முப்பத்தொம்பதுன்னு போயிருக்கு. அந்தப் பிள்ளை பஸ்ஸு ஏறின பொறவுதான் பாத்திருக்கு. பதினாலுல வேற ஒரு பொம்பள டிக்கெட்டோட உக்காந்திருக்கா. பண்டிகைக் கூட்டம், யாரும் எந்திரிக்கல. கடைசி வரிசையில உக்காந்துக்கிட்டு, ஒவ்வொரு பள்ளத்துலயும் தூக்கித் தூக்கிப் போட்டு, திருச்சி வாரதுக்குள்ள தையல் விட்டுப் போச்சு. ரத்தம். பஸ்ஸை நிப்பாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ. தீபாவளி அங்கதான். மறுபடி ஆபரேசன்.

உசுருக்கு ஒண்ணும் இல்ல, உசுருக்கு ஒண்ணும் இல்ல. நான் விசாரிச்சேன்.

பேரா? அந்தப் பிள்ளை பேரா? பேரு... பேரு எனக்குத் தெரியல அண்ணாச்சி. ஆபீஸ்ல பதினாலாம் நம்பர் பதினாலாம் நம்பர்னுதான் சொல்லுதோம். மேரி நோட்டுல இருக்கும்.

ஆமா, நோட்டு. அதைச் சொல்லலியே. அன்னைக்கே மேரியை வேலையை விட்டுத் தூக்கிட்டாவ. கவுண்டர்ல தொட்டது அவதானே? டிராவல்ஸ் முதலாளி கத்தினதும் அவ பையிலேருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டியிருக்கா. பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் எழுதுத நோட்டு. நாளு, நேரம், எந்த சீட்டைத் தொட்டேன், எந்த சீட்டு விழுந்தது, யாருக்கு. அறுவத்திமூணு வரி. தப்பா விழுந்தது கண்ணுல பட்டப்ப எல்லாம் ரத்து பண்ணி மறுபடி போட்டிருக்கா. கூட்டத்துல சிலது தப்பிப் போச்சு. நான் காது குடுத்துக் கேக்க மாட்டேன்னு தெரிஞ்சதும், எழுதி வைக்க ஆரம்பிச்சிருக்கா.

டிராவல்ஸ்காரரு அன்னைக்கே அதுல ரெண்டு பக்கத்தைப் போட்டோ எடுத்து வச்சிருந்ததை, ரெண்டு மாசம் கழிச்சு, போன வாரம்தான், கிளமெண்ட் சாருக்கு அனுப்பியிருக்காரு. ‘இதுக்குப் பதில் சொல்லுங்க’ன்னு. சார் என் மேசையில போனை வச்சிட்டுப் போயிட்டாவ. நான் பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன். மேல் வரியில தொட்டது என்னவோ, அதுதான் கீழ் வரியில விழுந்திருக்கு. மேல் வரியில தொட்டது, கீழ் வரியில விழுந்தது. கோணலா பென்சில்ல ஒரு கோடு இழுத்தா அந்த ரெண்டு பக்கத்துல எல்லா வரிக்கும் பொருந்தும். என் ஒட்டு ஒரு சீட்டு பின்னாலயே வந்துக்கிட்டிருந்திருக்கு அண்ணாச்சி. பழைய மெஷின்ல தொட்டா, அதுக்கு முந்தி தொட்ட சீட்டுதான் நினைவுல இருக்கும். அதை எடுத்துக் குடுத்திருக்கு. தீபாவளிக்குப் பொறவு ரெண்டு மாசமா நான் தலைகீழா நின்னு தேடியும் ஆப்படாதது, அந்த நோட்டைப் பாத்த பத்தாவது நிமிசம் புரிஞ்சிட்டு. அவளுக்குக் கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாது பாத்துக்கிடுங்க. பிளஸ் டூதான்.

இருங்க, போன் வருது. அவதான்.

சொல்லுங்க மேரி. ஆமா, பஸ்ஸுலதான் இருக்கேன். ஆலமரத்து ஸ்டாப்பா? சரி சரி. அய்யோ, அதெல்லாம் எதுக்கு? ... கண்டுபிடிச்சிட்டேன்மா. ஆமா, கண்டுபிடிச்சிட்டேன். நேர்ல சொல்லுதேன். நோட்டை எடுத்துட்டு வந்துருங்க, மறந்துராதீங்க.

பாத்தியளா? அவ அம்மா கிறிஸ்மஸ்ஸுக்குச் சுட்ட முந்திரிக்கொத்து எனக்குன்னு எடுத்து வச்சிருக்காளாம். நல்ல குடும்பம். ‘சார், எதுனால அப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா சார்’னு கேக்கா. கண்டுபிடிச்சிட்டேன்னதும் அழுதுட்டா. பாவம்.

இட்டமொழிக்கு அவளைப் பாக்க எதுக்குப் போறேன்னு கேக்கீயளா? பத்திரிகை வைக்க. பொறவு... ஒரு சின்னக் கையெழுத்து.

கிளமெண்ட் சார் சொல்லிட்டாவ அண்ணாச்சி. ‘நம்பி, ஒண்ணு அந்தக் கவுண்டர் பிள்ளைகிட்ட எழுதி வாங்கிட்டு வா, இல்ல நீ எழுதிக் குடுத்துட்டுப் போ’. ரெண்டுல ஒண்ணு. லெட்டரை நானே டைப் அடிச்சிட்டேன். ‘பண்டிகைக் கால அவசரத்தில் நான் தவறான இருக்கைகளைத் தொட்டுவிட்டேன், மென்பொருளில் குறை எதுவும் இல்லை.’ அவ்வளவுதான், ரெண்டே வரி. அவளுக்கு இதுனால என்ன நட்டம், சொல்லுங்க? வேலைதான் ஏற்கெனவே போயிட்டே. போன வேலை திரும்பப் போகுமா? எனக்குத் தெரிஞ்ச ஒரு ஜவுளிக்கடை இருக்கு, அங்க சொல்லிப் பாக்கேன். அவளைக் கல்லாப் பெட்டியில உக்கார வைக்கச் சொல்லுதேன். நான் மனசாட்சி இல்லாதவன் இல்ல.

நோட்டையும் வாங்கிக்கிடணும். அது அவகிட்ட இருந்து என்ன செய்யப் போகுது?

ஏன் அங்கிட்டுத் திரும்பிட்டீய? வெயில் அடிக்கா? ஜன்னலைச் சாத்தட்டா?

எனக்கு வேற வழி இல்ல அண்ணாச்சி. நான் எல்லா வழியும் யோசிச்சுப் பாத்துட்டேன். குளிக்கையில யோசிக்கேன், பைக் ஓட்டையில யோசிக்கேன். எங்க அப்பா கொத்தனாரு. அவரு பேருக்குப் பக்கத்துல ஒண்ணும் அடிக்கல பாருங்க. என் பேருக்குக் கீழ இருக்க அந்த ஒத்தை வரியை அவரு விரலால தடவித் தடவிப் பாக்காரு. அது பொய்யாப் போயிட்டுன்னு நான் எந்த வாயால சொல்ல?

என்ன கேக்கீய? சரி பண்ணிட்டேனான்னா? சரி பண்ணி ரெடியா இருக்கு. மூணே வரி. இந்தப் பையில லேப்டாப்புல இருக்கு. இன்னும் வெப்சைட்டுல ஏத்தல. எப்படி ஏத்த? ஏத்துனா, யாரு, எந்த நாளு, எதை மாத்துனான்னு பதிவாயிரும். நாளைக்கு டிராவல்ஸ்காரரு ஒரு ஆளை வச்சுப் பாத்தாருன்னா, ‘குறையே இல்லைங்கீய, பொறவு எதைச் சரி பண்ணுனீய?’ன்னு கேக்க மாட்டாரா? மொதல்ல கையெழுத்து. பொறவு கொஞ்ச நாளு போகட்டும். பொங்கல் முடியட்டும். வேற வேலையோட வேலையா மெதுவா ஏத்திருவேன்.

ஆமா, இப்பவும் அப்படித்தான் ஓடுது. எல்லாருக்கும் இல்ல அண்ணாச்சி, பழைய போன் வச்சிருக்கவங்களுக்கு மட்டும்தான்.

எந்த டிராவல்ஸா? வெள்ளிமலை டிராவல்ஸ்.

என்ன ஆச்சு? தண்ணி வேணுமா?

மகளா? மெட்ராஸ்லயா? பொங்கலுக்கு... தனியாவா வாரா? எப்பம் டிக்கெட் போட்டா? இன்னைக்குச் சாயங்காலம்தான் போடப் போறாளா. என்ன போன் வச்சிருக்கா? நீங்க வச்சிருந்த பழைய போனா. நீங்க குடுத்ததா.

ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி. டிக்கெட் போட்டதும் மெசேஜைப் பாத்துக்கிடச் சொல்லுங்க. நம்பர் மாறியிருந்தா ரத்து பண்ணிட்டு மறுபடி... நான் நம்பர் தாரேன், என்னையக் கூப்பிடச் சொல்லுங்க. நான் எடுப்பேன். சத்தியமா எடுப்பேன்.

ஏன் எந்திரிச்சிட்டீய? உக்காருங்க, இன்னும் உங்க ஊரு வரல. துண்டை ஏன் எடுக்கீய? நின்னுக்கிட்டே வாரீயளா? அண்ணாச்சி, சீட்டு உங்களுக்குள்ளது. நான் பிடிச்சு வச்ச சீட்டுல்லா அது.

எல்லாரும் பாக்காவ. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

அந்தா, ஆலமரம் தெரியுது. நான் இறங்குத ஸ்டாப்பு. அங்க நிக்கது அவதான், நீலச் சுடிதார். கையில நோட்டு. வழி விடுங்க அண்ணாச்சி, நான் இறங்கணும். கண்டக்டர், ஆள் இறங்கணும்! அண்ணாச்சி, வழி விடுங்க. நடு வழியில இப்படிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா எப்படி? ... ஏத்திட்டு இறங்குன்னா? இப்பவா? இங்கயா?

ஒரு நிமிசம் வேலைதான். தெரியும். எனக்குத் தெரியாதா, ஒரு நிமிசம் வேலைதான்.

கண்டக்டர் அண்ணே, விசில் அடிக்காதீய. ஒரே நிமிசம். இவரு விட மாட்டேங்காரு.

இதைக் கொஞ்சம் பிடிங்க அண்ணாச்சி, பத்திரிகைக் கட்டு, லேப்டாப் அடியில கிடக்கு. சிக்னல்... ஒரு கோடு இருக்கு. ரெண்டு. அவ என்னையத் தேடுதா. ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாத்துக்கிட்டே வாரா. குனிஞ்சுக்கிடட்டுமா? எங்க குனிய?

போகுது. போயிக்கிட்டிருக்கு.

போயிட்டு. ஏறிட்டு அண்ணாச்சி. இந்தா, பாத்துக்கிடுங்க, பச்சை எழுத்துல வந்திருக்கு. என் பேரு, இன்னைக்குத் தேதி, மணி பதினொண்ணு இருவத்திரெண்டு. இனிமே எந்தப் போன்ல தொட்டாலும் தொட்ட சீட்டுதான் விழும். உங்க மகளைப் போடச் சொல்லுங்க. நடு பஸ்ஸா, ஜன்னலோரமாப் போடச் சொல்லுங்க.

நான் அழல. தூசி.

வந்துட்டா. இந்த ஜன்னலுக்கு வந்துட்டா. சார் சார்னு கூப்பிடுதா. சிரிக்கா பாருங்க. வாரேன் மேரி, வாரேன், இந்தா இறங்கிட்டேன்.

கட்டைக் குடுங்க அண்ணாச்சி. மேல இருக்க பத்திரிகை அவளுக்குள்ளது, மூலையில மஞ்சள் தடவி வச்சிருக்கேன். லெட்டர் அதுக்குள்ளதான் இருக்கு. குடுங்க.

என்ன பாக்கீய?

சரி. பத்திரிகையை மட்டும் குடுங்க.